ஒரு தடவையும் கேட்காதவர்

எங்கள் கல்லூரியில் இருபத்து நாலு வருஷம் பாஸ்கெட்பால் கோச்சாக இருந்தவரைப் பற்றிப் பேச்சு வந்தால் கள்ளக்குறிச்சியில் இன்றைக்கும் ஒரு வார்த்தை சொல்வார்கள்: "அவரு ஜாதி பாக்காத மனுஷன்." உண்மைதான். நான் அதே கல்லூரி ஆபீசில் கிளார்க்காகச் சேர்ந்து சூப்பிரண்டெண்டாக ரிட்டையர் ஆனவன். அத்தனை வருஷமும் அவரோடு ஒரே காம்பவுண்டுக்குள் இருந்தவன். அவர் ஜாதி பார்த்து நான் பார்த்ததில்லை. ஆனால் அந்த வார்த்தை காதில் விழும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஏன் என்று யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் என் கதையும் சேர்ந்து வெளியே வந்துவிடும். இப்போது அவரும் இல்லை, எனக்கும் வயதாகிவிட்டது.

ஆறடி மூன்று அங்குலம். ஆபீஸ் வாசலில் குனிந்துதான் நுழைவார். கழுத்தில் எப்போதும் ஒரு வெள்ளைத் துண்டு. இடது முழங்காலில் ஒரு ரப்பர் உறை. பால் விடாத டீதான் குடிப்பார், அதற்கு சுலைமானி என்று பெயர் சொல்லிக்கொடுத்து, கேன்டீன் மாஸ்டரை ஒரு மாசம் படுத்தி எடுத்தார். ஒரு வேலை முடிந்துவிட்டால் "கலாஸ்" என்பார். பையன்கள் மெதுவாக ஓடினால் "யல்லா யல்லா" என்று கத்துவார். ஊரில் அவரை குவைத் சார் என்றார்கள். களமருதூர்ப் பக்கம் நல்ல நஞ்சை நிலம் உள்ள குடும்பம். இந்தப் பக்கத்தில் யாரிடம் போய் அவர் அப்பா பெயரைச் சொன்னாலும் ஒரு நாற்காலி எடுத்துப் போடுவார்கள். அவருடைய ஜாதியை யாரும் அவரிடம் கேட்க வேண்டியிருந்ததில்லை. எல்லோருக்கும் தெரியும்.

குவைத்தில் எட்டு வருஷம் ஆடினார். ஒரு பெரிய கம்பெனி தன் டீமுக்காக அவரைக் கூட்டிக்கொண்டு போனது. விசாவில் ஸ்டோர் கீப்பர் என்று இருக்கும். ஸ்டோரை அவர் கண்ணால் பார்த்தது மூன்று தடவையோ நாலு தடவையோதான். சாயங்காலமானால் ஆட்டம், வெள்ளிக்கிழமை மேட்ச். மரத்தரை போட்ட உள்ளரங்கம், மேலே குளிர்காற்று. எங்கள் கல்லூரி சிமெண்டுத் தரையில் நின்றுகொண்டு அந்த மரத்தரையைப் பற்றிச் சொல்லும்போது குரல் தாழ்ந்துவிடும்.

அவர் அடிக்கடி சொன்ன கதை ஒன்றுதான். "ஆபீஸ், கேளு," என்பார். என்னை ஆபீஸ் என்றுதான் கூப்பிடுவார். "எட்டு வருஷம் அங்க என் பேரு ஒருத்தனுக்கும் தெரியாது. ஒம்பதுன்னாதான் தெரியும். மேனேஜரே ஒம்பது, இங்க வான்னுதான் கூப்பிடுவான். பாலஸ்தீனக்காரன், பிலிப்பைன்ஸ்காரன், எகிப்துக்காரன், எல்லாம் நம்பருதான். எவன் எந்த மதம், எந்த எடம், எவனும் கேக்க மாட்டான். கூடையில பந்து வுழுதா, அவ்ளோதான். மனுஷன்னா அப்பிடி இருக்கணும்."

எனக்கு அந்தக் கதை வேறு மாதிரிக் கேட்டது. ஒரு மேட்சில் அவர் முழங்கால் பிசகியது. கம்பெனி டாக்டர் பார்த்துத் தலையை ஆட்டினார். பெட்டகத்திலிருந்து பாஸ்போர்ட்டை எடுத்துக் கையில் கொடுத்து அந்த வாரமே விமானம் ஏற்றிவிட்டார்கள். அவர் ஏர்போர்ட் போகும் வழியில் அரங்கத்தில் ஒருவாட்டி இறங்கி எட்டிப் பார்த்தாராம். ஒன்பதாம் நம்பர் பனியனைப் போட்டுக்கொண்டு ஒரு லெபனான் பையன் ஓடிக்கொண்டிருந்தானாம். இதைச் சொல்லிவிட்டு அவர் சிரிப்பார். நான் சிரித்ததில்லை. எட்டு வருஷம் பேர்கூடத் தெரியாமல் வைத்திருந்து ஒரே வாரத்தில் அனுப்பிய இடத்தை இந்த மனுஷன் கொண்டாடுகிறாரே என்று இருக்கும்.

ஊருக்கு வந்தார். வீட்டு ஆட்கள் நிலத்தைப் பார்க்கச் சொன்னார்கள். அவர் எங்கள் கல்லூரிச் செயலாளரைப் பார்த்தார். அந்த வருஷமே கோச் ஆனார். வந்தவுடன் ஒரு வேலை செய்தார். அந்தக் காலத்தில் பாஸ்கெட்பால் பனியன்களில் நாலிலிருந்து பதினைந்து வரைதான் நம்பர் இருக்கும். டீமில் யார் சேர்ந்தாலும் பெயரைக் கேட்க மாட்டார். ஒரு பனியனைத் தூக்கி எறிவார். அன்றிலிருந்து அவன் ஏழு, அவள் பதினொன்று. "பேரு சொன்னா ஊரு தெரியும், ஊரு சொன்னா ஆளு தெரியும். எனக்கு ஒண்ணும் வேணாம்," என்பார். மூன்று வருஷம் அவரிடம் ஆடிவிட்டுப் போனவர்களின் பெயர் அவருக்குத் தெரியாது. கல்யாணப் பத்திரிகை கொண்டுவந்து நீட்டினால் பெயரைப் படித்துவிட்டு, "நீ எட்டா, பத்தா?" என்று கேட்பார். பிள்ளைகளுக்கு அது பெருமையாக இருந்தது. எனக்கும் ஆரம்பத்தில் பிடித்துத்தான் இருந்தது. பொய் சொல்லக்கூடாது.

நான் கருணாபுரம் காலனி. அப்பா மூட்டை தூக்கியவர். கல்லூரியில் எங்கள் ஆட்களுக்கென்று ஒரு கிளார்க் இடம் நிரப்பாமல் கிடந்து, மேலிடத்திலிருந்து கேள்வி வந்ததும் அவசரமாக எடுக்கப்பட்டவன். ஆபீசில் என் டம்ளர் தனியாக இருக்கும். யாரும் சொல்லி வைத்ததில்லை, தானாக அங்கே இருக்கும். கோச் வந்த முதல் வாரம் அந்த டம்ளரில் சுலைமானியை ஊற்றிக் குடித்துவிட்டு மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். ஒரு ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்கே வந்து, தலை இடிக்கும் கூரைக்குக் கீழே சம்மணம் போட்டு உட்கார்ந்து கருவாட்டுக் குழம்பு சாப்பிட்டார். இரண்டாம் தடவை சோறு கேட்டு வாங்கினார். அவர் போன பிறகு என் மனைவி கேட்டாள்.

"அந்த சாருக்கு நாம யாருன்னு தெரியுமா?"

"தெரியும்னுதான் நெனைக்கிறேன்."

"சொல்லிட்டியா இல்லியா? நாளைக்கு யாராவது சொல்லி, அவரு சங்கடப்படப் போறாரு."

அடுத்த நாள் சொல்லிவிட்டேன். அவர் முகம் சுருங்கியது. "எதுக்குப்பா இத எல்லாம் எங்கிட்ட சொல்ற? நான் கேட்டனா?" என்றார். கெட்ட வார்த்தை சொல்லிவிட்டவன் மாதிரி நின்றேன். என் வீடு, என் அப்பா, என் தெரு எல்லாம் அவர் காதில் விழக்கூடாத சங்கதிகளாக இருந்தன. அதற்குப் பிறகும் அவர் என் வீட்டுக்கு வந்தார், சாப்பிட்டார். அதற்காக அவரை நான் இன்றும் மதிக்கிறேன். ஆனால் அன்றைக்கு ஏதோ உறுத்தியது.

அப்புறம் மறியல் வந்தது. இந்தப் பக்கத்துப் பெரும்பான்மை ஜாதிக்காரர்கள் தங்களுக்குத் தனி ஒதுக்கீடு கேட்டு எங்கள் மாவட்டம் முழுக்க ரோட்டை அடைத்த வாரம். சாலையோரப் புளியமரங்களை அறுத்து ரோட்டுக்குக் குறுக்கே தள்ளியிருந்தார்கள். பஸ் ஓடவில்லை. அன்றைக்கு விழுப்புரத்தில் கல்லூரிகளுக்கிடையேயான மேட்ச். தள்ளிவைத்த செய்தி எங்களுக்கு வந்து சேரவில்லை. கோச் வேனை எடு என்றார். பேப்பர்களைக் கவனிக்க என்னையும் ஏற்றிக்கொண்டார். தியாகதுருகம் தாண்டியதும் மரம். முப்பது நாற்பது பேர் தடியும் கையுமாக வந்து வேனைச் சூழ்ந்தார்கள்.

"யார்ரா உள்ள? இன்னா ஆளுங்க? எறங்கு."

கோச் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு முன்பக்கம் இறங்கினார். "ஆட்டத்துக்குப் போறோம்பா. புள்ளைங்க," என்றார். நான் பின்சீட்டில், ஜன்னலை ஒட்டி, மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் பக்கம் நின்ற பெரியவர் ஒருத்தர், முன்னால் பாய்ந்த பையனைத் தோளைப் பிடித்து இழுத்தார். "டேய், அது களமருதூரு பெரிய வூட்டு ஐயா மவன்டா. நம்ம புள்ள. வுடுங்கடா வண்டிய," என்றார். நாலைந்து பேர் சேர்ந்து மரத்தின் நுனியைத் தூக்கி ஒரு ஓரமாக இழுத்தார்கள். வேன் போனது.

கோச் உள்ளே வந்து உட்கார்ந்து பந்தை மடியில் வைத்துத் தட்டினார். "பாத்தியா ஆபீஸ்? ஆட்டக்காரன்னா எவனும் தடுக்க மாட்டான். பந்துக்கு ஜாதி இல்ல," என்றார். பெரியவர் சொன்னது அவர் காதில் விழவில்லை. நானும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு அவர் அந்தக் கதையை நூறு தடவை சொன்னார், நான் பக்கத்தில் நின்று நூறு தடவை கேட்டேன். அதே ரோட்டில் அதே வாரம் எங்கள் தெருப் பையன் ஒருத்தன், யார் என்று கேட்டதற்கு உண்மையைச் சொல்லி, மண்டை உடைந்து வந்தான். அவன் கையில் பந்து இல்லாததுதான் காரணம் என்று கோச் நினைத்திருப்பார்.

அடுத்த வருஷம் மே மாதம் அவர் என்னை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு வெள்ளிமலைக்குப் போனார். கள்ளக்குறிச்சியில் நடந்த பள்ளி விளையாட்டுப் போட்டியில், கல்வராயன் மலை உண்டு உறைவிடப் பள்ளியிலிருந்து வந்த ஒரு பெண் த்ரோபால் ஆடியதைப் பார்த்திருக்கிறார். நெட்டுக்கு மேல் ஒன்றரை முழம் எம்பியிருக்கிறாள். அவ்வளவுதான், மனுஷனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. மலைப்பாதை வளைவுகளில் ஜீப் திணறியபோதும் அந்த எம்பலையே பேசிக்கொண்டு வந்தார்.

வெள்ளிமலையில் இறங்கி ஒரு மைல் நடந்தோம். சாமை அறுத்த காட்டுக்கு நடுவில் ஒரு வீடு. பெண் பெயர் ராமாயி. அவள் அப்பா பெயர் சடையன், நான் கேட்டுத் தெரிந்துகொண்டேன். கோச் அந்தப் பெண்ணை இரண்டு கையையும் பக்கவாட்டில் நீட்டச் சொல்லி, சாண் வைத்து அளந்தார். "கை நீளத்தப் பாத்தியா ஆபீஸ்," என்று என்னைப் பார்த்துச் சிரித்தார்.

சடையன் கைகட்டி நின்றுகொண்டு, "அய்யா, நாங்க வந்து மலையாளி..." என்று ஆரம்பித்தார். மலையில் இருக்கும் பழங்குடிக்கு அதுதான் பெயர்.

கோச் கையை உயர்த்தித் தடுத்தார். "அதெல்லாம் எனக்கு வேணாம்பா. பொண்ணு ஆடுமா ஆடாதா, அத மட்டும் சொல்லு."

"ஆடும்ங்க."

"கலாஸ். ஜூன் மாசம் கூட்டிக்கினு வா."

ஜூனில் வந்தார்கள். அட்மிஷன் கூட்டம். அந்த வருஷம் ஜாதிச் சான்றிதழ் என்ற வார்த்தையைக் கேட்காமல் ஒரு நிமிஷம் போகவில்லை. மறியலுக்குப் பிறகு எல்லோரும் எல்லோரையும் எண்ணிக்கொண்டிருந்தார்கள். என் மேசைக்கு முன்னால் சடையன் ஒரு பாரத்தை நீட்டினார். பள்ளிக்கூட வாத்தியார் பூர்த்தி செய்து கொடுத்தது. தாசில்தார் கையெழுத்துப் போட வேண்டிய இடம் காலி.

"இத எங்க குடுத்து வாங்கணும்னு தெரியலைங்க. வாத்தியாரு கண்டிப்பா வாங்கியாரச் சொன்னாரு," என்றார்.

தாலுகா ஆபீஸ் நாலு தெரு தள்ளி. அங்கே எனக்குத் தெரிந்த ஆள் இருந்தார். அந்தக் காலத்தில் மலைக்காரர்களுக்கும் தாசில்தாரே சான்றிதழ் கொடுத்துவிடுவார். நான் நேரில் கூட்டிப்போனால் இரண்டு நாளில் வேலை முடியும். எழுந்தேன். கோச் வந்து பாரத்தைப் பிடுங்கி மடித்து சடையன் சட்டைப்பையிலேயே செருகினார்.

"இது எதுக்கு? ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல சீட்டு போட்டாச்சு. பீஸ் கெடையாது. ஹாஸ்டலுக்கு நான் சொல்லிட்டன்."

"சார், எஸ்.டி.ன்னு எழுதிட்டா பின்னால ஸ்காலர்ஷிப் வரும், வேலைக்கும் ஆவும். ரெண்டு நாளு வேலைதான் சார்," என்றேன்.

வரிசையில் இருபது பேர் நின்றிருந்தார்கள். பெற்றோர்கள், என் ஆபீஸ் ஆட்கள், பிரின்சிபாலின் பியூன். அவர் சத்தம் போடவில்லை. சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

"எல்லாரையும் உன்ன மாதிரியே நெனைக்காத ஆபீஸ். இந்தப் பொண்ணு ஆடி வந்தவ."

சொல்லிவிட்டு, விண்ணப்பத்தில் ஜாதி என்ற இடத்தில் பேனாவால் ஒரு கோடு போட்டார். போய்விட்டார். என் காது இரண்டும் எரிந்தது. கேட்காதவர், பார்க்காதவர், காதில் போட்டுக்கொள்ளாதவர், நான் எந்த வழியாக உள்ளே வந்தேன் என்பதை மட்டும் மறக்காமல் வைத்திருந்திருக்கிறார்.

சாயங்காலம் அட்மிஷன் ரெஜிஸ்டர் எழுத உட்கார்ந்தேன். அதுதான் கல்லூரியின் நிரந்தரப் பதிவு. ராமாயி பெயர் வந்தது. பள்ளிச் சான்றிதழில் 'இந்து' என்பதோடு நிறுத்தியிருந்தார்கள். அந்தப் பள்ளியில் படிப்பவர்கள் எல்லோரும் ஒரே ஜாதி என்பதால் யாரும் மேற்கொண்டு எழுத மெனக்கெடவில்லை. விண்ணப்பத்தில் கோடு. ஜாதி எழுதாத விண்ணப்பம் வந்தால் ஆபீசில் ஒரு வழக்கம் உண்டு. ஓ.சி. என்று எழுதிவிடுவோம், அதாவது எந்தச் சலுகையும் இல்லாத மேல்வகுப்பு. ஆனால் இந்தப் பெண்ணின் வீட்டை நான் பார்த்திருந்தேன். அவள் அப்பா வாயால் சொன்னது என் காதில் விழுந்திருந்தது. நான் அந்த இடத்தைக் காலியாக விட்டிருக்கலாம். பென்சிலில் எழுதியிருக்கலாம். வழக்கத்தால் அதை எழுதினேன் என்று சொன்னால் பொய். ஆத்திரத்தில் எழுதினேன். ஜாதியே இல்லை என்கிறாயா, அப்படியானால் இந்த நாட்டில் அதற்கு இதுதான் பேர், பார்த்துக்கொள் என்று அந்த ஆளை நினைத்துக்கொண்டு, நல்ல மையில், ஓ.சி. என்று அழுத்தி எழுதினேன். அவர் அந்த ரெஜிஸ்டரைத் திறந்துகூடப் பார்க்கப் போவதில்லை என்பது அப்போது எனக்குத் தோன்றவில்லை.

ராமாயி பதினாலாம் நம்பர் ஆனாள். அவள் ஆட்டத்தைப் பற்றி எனக்கு எழுதத் தெரியாது. மோதி வருகிறவர்களை இடிக்காமல் நழுவிப் போவாள். வளையத்தில் பட்டுத் திரும்பும் பந்து எங்கே வரும் என்று முன்கூட்டியே அங்கே போய் நிற்பாள். பல்கலைக்கழக டீமுக்குத் தேர்வானாள். கோச் அவளுக்காக உயிரை விட்டார், அதையும் சொல்ல வேண்டும். தன் கைக்காசில் ஷூ வாங்கிக் கொடுத்தார். காய்ச்சல் வந்தபோது ஆஸ்பத்திரி வராந்தாவில் பகல் முழுக்க உட்கார்ந்திருந்தார். "பதினாலு சாப்புட்டாளா" என்று ஹாஸ்டலுக்குப் போன் போடுவார். மூன்று வருஷமும் பதினாலு, பதினாலு, பதினாலு.

அவள் இரண்டாம் வருஷம் படிக்கும்போது விதி மாறியது. பழங்குடிச் சான்றிதழை இனி தாசில்தார் தரக்கூடாது, ஆர்.டி.ஓ. விசாரித்துத்தான் தர வேண்டும். போலிகள் பெருகிவிட்டதால் என்றார்கள். சுற்றறிக்கை என் மேசைக்குத்தான் வந்தது. படித்தவுடன் அந்த ரெஜிஸ்டர் ஞாபகம் வந்தது. திருத்தலாம், ஆனால் பிரின்சிபால் கையெழுத்து வேண்டும். முதலில் ஏன் இப்படி எழுதினாய் என்று கேட்பார். பார்த்துக்கொள்ளலாம் என்று சுற்றறிக்கையைக் கோப்பில் குத்தினேன்.

அவள் டிகிரி முடித்து, ஒரு வருஷம் உடற்கல்விப் படிப்பும் முடித்தாள். அவள் படித்த அதே மலைப்பள்ளியில் விளையாட்டு ஆசிரியை இடம் காலியானது. பழங்குடிக்கு ஒதுக்கிய இடம். சொந்த ஊரில் அரசாங்க வேலை, அவளைவிட்டால் அந்த மலையில் அந்தப் படிப்புப் படித்த பெண் வேறு கிடையாது. சான்றிதழ் ஒன்றுதான் பாக்கி. அப்போது சடையன் இறந்து போயிருந்தார். அவரிடம் எந்தக் காலத்திலும் ஒரு சான்றிதழும் இருந்ததில்லை, உழுத நிலத்துக்குப் பட்டாவும் இல்லை. ஆர்.டி.ஓ. ஆபீசிலிருந்து கல்லூரிக்குக் கடிதம் வந்தது. பதிவேட்டோடு ஒருவரும், மாணவியை நன்றாக அறிந்த ஆசிரியர் ஒருவரும் நேரில் வர வேண்டும். நான், கோச், ராமாயி மூவரும் போனோம்.

விசாரித்த அதிகாரி நடுவயதுக்காரர். கெட்டவர் இல்லை. பேப்பரில் தினமும் இட ஒதுக்கீட்டுச் சண்டை, டெல்லி வரைக்கும் போய் கோர்ட்டில் நின்றுகொண்டிருந்தது. யாராவது ஒருவர் உறுதியாக ஒரு வார்த்தை சொன்னால் எழுதிக்கொடுத்துவிட்டு அடுத்ததைப் பார்க்கலாம் என்றுதான் அவர் உட்கார்ந்திருந்தார். அது அவர் முகத்திலேயே தெரிந்தது.

கோச்சிடம் கேட்டார். "இந்தப் பொண்ணு உங்ககிட்ட மூணு வருஷம் ஆடியிருக்கு. இல்லீங்களா?"

"ஆமாங்க. என்னோட பெஸ்ட் பிளேயர்."

"இவங்க மலையாளி ஜாதிதானே? உங்களுக்குத் தெரியும் இல்ல?"

"நான் யார்கிட்டயும் ஜாதி கேக்கறது இல்லைங்க."

"கேக்க வேணாம் சார். வூட்டுக்குப் போயிருக்கீங்க. வெள்ளிமலையில கடை வச்சிக்கினு கீழ்நாட்டு ஆளுங்களும் இருக்காங்க, அதுக்காகக் கேக்கறேன். பாத்தா தெரிஞ்சிருக்கும் இல்ல?"

"பாத்தது இல்லைங்க. ஆட்டத்ததான் பாத்தேன்."

"இவங்க அப்பா பேராவது சொல்லுங்க."

கோச் ராமாயியைத் திரும்பிப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்தாள். "தெரியாதுங்க," என்றார். அதை அவர் வெட்கப்பட்டுச் சொல்லவில்லை. நிமிர்ந்து உட்கார்ந்து, எட்டு வருஷம் குவைத்தில் பேர் இல்லாமல் ஆடியவனின் கம்பீரத்தோடு சொன்னார். எனக்கு அவர் சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது. ஆமாம் என்று ஒரு வார்த்தை. அது பொய்கூட இல்லை. ஒரு பெண்ணின் பிழைப்பைவிட, தான் கேட்காதவன் என்ற பேர் அவருக்குப் பெரிதாகிவிட்டது.

"நல்ல கொள்கைங்க," என்று சொல்லிவிட்டு அதிகாரி எழுதிக்கொண்டார்: தெரியாது.

பிறகு ரெஜிஸ்டரைத் திருப்பினார். விரலை அந்த இரண்டு எழுத்தின்மேல் வைத்தார். "இது யாரு எழுதினது?"

"நான்தாங்க," என்றேன்.

"எத வச்சி எழுதுனீங்க?"

இதுதான் இடம். விண்ணப்பத்தில் ஒன்றும் இல்லை ஐயா, வெறும் கோடுதான் இருந்தது, கோபத்தில் எழுதினேன், இவள் அப்பா என் காதுபடத் தன்னை யார் என்று சொன்னார், நான் சாட்சி என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் பதிவேட்டில் பொய் எழுதியவன் ஆவேன். எங்கள் தெருவில் மாசச் சம்பளம் வாங்கிய முதல் ஆள் நான். என் டம்ளரைத் தனியாக வைத்தவர்கள் அந்த மாதிரி ஒரு காரணத்துக்காகத்தான் காத்துக்கொண்டிருந்தார்கள்.

"அப்ளிகேஷன்ல இருந்தத பாத்துதாங்க," என்றேன். தான் போட்ட கோடு பக்கத்தில் இருந்த கோச்சுக்கு ஞாபகம் இருந்ததாகவே தெரியவில்லை.

"அப்ளிகேஷன் இருக்குதா?"

"பழசு எல்லாம் கழிச்சாச்சுங்க."

அவர் ராமாயியைப் பார்த்தார். "நீயே காலேஜ்ல ஓ.சி.ன்னு எழுதிக் குடுத்துட்டு இப்ப வேலைன்னதும் எஸ்.டி.ன்னு வந்தா நான் இன்னாம்மா பண்ணுவேன்?" என்றார். அவள், "நான் எழுதலைங்க," என்றாள். இரண்டு முறை சொன்னாள். மூன்றாவது முறை அவள் வாய் திறக்குமுன் அடுத்த கோப்பைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

அந்த வேலை வேறு மலையிலிருந்து வந்த ஒருவருக்குப் போனது. ராமாயி இரண்டு வருஷம் எங்கெங்கோ மனுப் போட்டாள். பிறகு கல்யாணம் ஆகி, குடகுப் பக்கம் காப்பித் தோட்ட வேலைக்குக் குடும்பத்தோடு போவதாகக் கேள்விப்பட்டேன். கோச் ரிட்டையர் ஆன நாளில் பெரிய விழா எடுத்தார்கள். "இருபத்து நாலு வருஷத்துல ஒரு புள்ளகிட்டயும் நீ யாருன்னு கேட்டது இல்ல," என்று மைக்கில் சொன்னார். அரங்கம் எழுந்து நின்று தட்டியது. நானும் எழுந்து நின்றேன்.

விசாரணை முடிந்து நாங்கள் வெளியே வந்ததைச் சொல்லவில்லை. ஆர்.டி.ஓ. ஆபீஸ் எதிரில் ஒரு டீக்கடை. கோச் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நான் பொய்யா சொல்ல முடியும், பதினாலு? நீயே சொல்லு," என்றார்.

அவள் நிதானமாகத்தான் பேசினாள். "ஒரு தபா கேட்டு இருந்தீங்கன்னா சொல்லி இருப்பேனே சார். எங்க அப்பா பேரு, நாங்க யாரு, எல்லாம் சொல்லி இருப்பேன். மூணு வருஷம் உங்க கூடவே இருந்தேன். நீங்க கேக்கவே இல்ல."

அவர், பஸ் வந்திருக்கிறதா பார்க்கிறேன் என்று காலை இழுத்து இழுத்து ரோட்டைக் கடந்து போனார். நானும் அவளும் பெஞ்சில் உட்கார்ந்தோம். ரெஜிஸ்டர் என் மடியில் இருந்தது. அவள் எழுந்துபோய் இரண்டு டீ வாங்கிக்கொண்டு வந்தாள். ஒன்றை என் கையில் கொடுத்தாள்.

"அவரு அப்பிடித்தாண்ணா. அன்னைக்கு பாரத்துல பேனா வச்சி எழுதுனது அவருதான. நீங்களாவது எனக்காவ வேலைய வுட்டுட்டு இம்மாந்தூரம் வந்தீங்க," என்றாள். "அன்னைக்கு அட்மிஷன் அப்பவே நீங்க மட்டுந்தான் எழுதச் சொன்னீங்கன்னு எங்க அப்பா சாவற வரைக்கும் சொல்லிக்கினு இருந்தாரு."

டீ நன்றாக இருந்தது. முழுசாகக் குடித்தேன்.